உயிரிழப்பு நஷ்ட ஈடு

உயிரிழப்பு நஷ்ட ஈடு என்பது, பிறருடைய கவனக்குறைவினாலோ அக்கிரமச் செயலினாலோ ஒருவர் மாண்டபோது, அவரது சம்பாத்தியத்தையும் பராமரிப்பையும் நம்பி ஜீவித்த குடும்பத்தினர் சட்டப்படி கோரிப் பெறும் பரிகாரமாகும். காயம்பட்டவன் பிழைத்தால் வழக்கிடலாம், இறந்தால் வழக்கும் அவனோடு மடியும் என்றிருந்த ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கொடுமையை அந்நாட்டுப் பார்லிமெண்டு 1846இல் நீக்கியது. அதனை அடியொற்றிய 1855ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரோடு பாட்டன் பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் உள்ளடக்கும் அச்சட்டத்தின்கீழ், மரணம் நேர்ந்த இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும்.

நஷ்டத்தை அளக்கும் முறையே இதன் சாரம். மோட்டார் விபத்துக்களில், உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் பின்னர் 2017இலும் வகுத்த நியமப்படி, மாண்டவரின் வருஷ வருமானத்தோடு எதிர்கால உயர்வையும் கூட்டி, அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழித்து, எஞ்சியதை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவர். 36 முதல் 40 வயது வரை அவ்வெண் 15. ஊதியமின்றி வீட்டைப் பேணிய பெண்ணின் உழைப்புக்கும் வருமானம் கற்பித்தே கணக்கிட வேண்டுமென்று அந்நீதிமன்றம் 2010இலும் 2021இலும் வற்புறுத்தியது மிகவும் சிலாக்கியமானது. அடுக்களையில் தேய்ந்த ஆயுளை அற்பமாக மதித்த தீர்ப்புக்கள் அதற்கு முன் பல.

முதுமலைக் காட்டை அடுத்துக் கூடலூர் வட்டத்திலுள்ள ஸ்ரீமதுரை போன்ற நீலகிரி ஊர்களில், மரணத்தின் காரணத்தைப் பொறுத்துப் பரிகாரமும் வேறுபடும். காட்டுயானை தாக்கி மாண்டால், வழக்கின்றியே வனத்துறை மூலம் நிவாரணம் கிடைக்கும். மத்திய அரசு தன் திட்டங்களின்கீழ் அத்தொகையை 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மாண்டவரின் வயது எதுவாயினும், அவரை நம்பியிருந்தோர் எத்தனை பேராயினும் ஒரே தொகை என்பதால், அது நஷ்டத்தை அளந்து தருவதன்று, ஆறுதல் உதவியே எனல் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கையில் விபத்தால் மாண்டவரின் குடும்பத்துக்கோ, முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கும் பாரமின்றியே 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வழிவகுத்தது. மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கும் அம்முறை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அறுந்து கிடந்த மின்கம்பியால் உயிர் போனால், கவனக்குறைவை நிரூபிக்காமலே மின்வாரியம் பொறுப்பாகும் என்பது 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, கூலிச் சீட்டு, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைத் துக்க வீட்டார் தாமதியாமல் சேகரித்து வைக்க வேண்டும். பெண்களுக்கும், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினருக்கும், வருமான வரம்பு பாராமல், உதகமண்டலத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும்.