செலவு என்னும் சொல்லும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும்

'பார்லிமெண்ட்' என்னும் சொல்லின் வேர், பேசுதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையாகும். தமிழில் 'பாராளுமன்றம்' என்றது ஒலியையும் பொருளையும் ஒருங்கே தழுவ முயன்ற அழகிய ஆக்கம். 'நாடாளுமன்றம்' என்றும் வழங்குகிறோம். இரண்டிலும் 'ஆளும்' என்பது உண்டு. மூலச் சொல்லில் அஃது இல்லை. இலண்டனில் ஆள்வது அமைச்சரவையே. ஆள்வோரை விடைசொல்ல வைப்பதும், அவர்கள் கொண்டுவரும் சட்டங்களை ஆராய்ந்து நிறைவேற்றுவதுமே மன்றத்தின் பணிகள். முதற்பணியை அது ஓரளவு நன்றாகவும் இரண்டாவதைக் குறைவாகவும் செய்து வந்துள்ளது என்பது எம் கருத்து.

மசோதா ஒவ்வோர் அவையிலும் மூன்று 'வாசிப்பு'களைக் கடக்க வேண்டும். அச்சுப்படிகள் எளிதில் கிடைக்காத காலத்தில் எழுத்தர் அதனை உரக்கப் படித்துக் காட்டியதன் எச்சம் இச்சொல். இன்று முதல் வாசிப்பில் தலைப்பு மட்டுமே படிக்கப்படுகிறது. மெய்யான வாசிப்பு நிகழ வேண்டிய இடம் குழுநிலை. அங்கேதான் பிரிவு பிரிவாக, வரி வரியாக ஆராய்தல் வேண்டும். ஆயினும் குழுவிலும் பெரும்பான்மை ஆளுங்கட்சிக்கே. எதிர்க்கட்சியின் திருத்தங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. ஆதலின் குழுநிலை வெறுஞ்சடங்கு என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதற்கு ஒரு வழக்கைச் சான்றாகக் காட்டலாம். ஆசிரியர்கள் நடத்திய வழக்கு என்பதால் இந்நூல் வாசகர்க்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

மால்வெர்ன் கல்லூரி என்னும் தனியார் உறைவிடப் பள்ளியின் ஆசிரியர்கள், வழக்கமான கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு செலுத்தித் தம் புதல்வரை அங்கேயே படிக்கவைத்தனர். 1976-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, பணியாளர் பெறும் சலுகைக்கு வரி உண்டு. வரிக்குரிய தொகை அச்சலுகையின் 'செலவு'. எது செலவு? பள்ளியை நடத்தும் மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து வரும் பங்கா? அன்றி, இடங்கள் காலியாக இருந்த பள்ளியில் ஒரு மாணவனைக் கூடுதலாகச் சேர்ப்பதால் உணவு, சலவை, எழுதுபொருள் ஆகியவற்றுக்கு ஆகும் சிறு தொகையா? முன்னது என்றது வரித்துறை. பின்னது என்றனர் ஆசிரியர். அத்தொகையை அவர்கள் செலுத்திய கட்டணமே ஈடுசெய்துவிட்டது. பொருள் மயக்கத்தை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

வழக்கு பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபுக்களிடம் சென்றது. முதலில் கேட்ட ஐவருள் பெரும்பான்மையோர் வரித்துறையின் பக்கமே சாய்ந்தனர். பின்னர் 1976-ஆம் ஆண்டின் குழுநிலைப் பதிவு கவனத்துக்கு வந்தது. ஆசிரியர் பிள்ளைகளின் நிலை யாதாகும் என்று உறுப்பினர் வினவியிருந்தனர். பணியளிப்பவருக்கு ஆகும் செலவே கணக்கிடப்படும், இந்நேர்வில் அது மிகச் சிறிது என்று நிதியமைச்சகத்தின் அமைச்சர் விடையளித்திருந்தார். ஹன்சார்ட் எனப்படும் நாடாளுமன்ற உரைப்பதிவைக் கொண்டு நீதிமன்றம் சட்டத்துக்குப் பொருள் காணலாகாது என்பது இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரபு. எழுவர் அமர்வு வழக்கை மீண்டும் கேட்டு, 1992 நவம்பரில் அம்மரபைத் தளர்த்தியது. சட்டவாசகம் ஐயத்துக்கு இடமாகி, அமைச்சர் கூற்று தெளிவாக இருப்பின், பதிவைப் பார்க்கலாம் என்றனர் அறுவர். ஒருவர் இதில் மாறுபட்டார். ஆசிரியர்கள் வென்றனர். அடுத்த ஆண்டே சிங்கப்பூரும் தன் பொருள்விளக்கச் சட்டத்தைத் திருத்தி, நாடாளுமன்ற உரைகளை நீதிமன்றம் நோக்க வழிசெய்தது.

பெப்பர் எதிர் ஹார்ட் என வழங்கும் இவ்வழக்கு, மன்றத்தின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டுகிறது. குழுவில் எழுந்த ஒரு வினா பதினாறு ஆண்டுகள் கழித்துப் பயன் தந்தது. ஆயினும் அவ்விடையைச் சட்டவாசகத்திலேயே எழுதுமாறு அன்று வற்புறுத்தியிருந்தால் வழக்கே எழுந்திராது. விடையைப் பெற்றனர், ஏட்டைத் திருத்தவில்லை.

திருத்தவே இயலாத ஏடுகளும் உள. ஆண்டுக்குச் சில பத்துச் சட்டங்களே நிறைவேறுகின்றன. அச்சட்டங்கள் தரும் அதிகாரத்தால் அமைச்சர்கள் பிறப்பிக்கும் துணைச் சட்டங்களோ ஆயிரத்துக்கும் மேல். அவற்றுள் அவைமுன் வருவனவற்றையும் பொதுவாக முழுமையாக ஏற்கலாம், அல்லது முழுமையாகத் தள்ளலாம். ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. மக்களவை இறுதியாக ஒன்றைத் தள்ளியது 1979-இல். அது மண்ணெண்ணெய் விலை பற்றிய ஆணை. நாடாளுமன்றச் சட்டத்தையே அமைச்சர் ஆணையால் மாற்ற இடந்தரும் பிரிவுக்கு 'எட்டாம் ஹென்றி பிரிவு' என்று பெயர். தம் அறிவிப்புகளுக்குச் சட்ட வலிமை தரும் சட்டத்தை 1539-இல் பெற்ற மன்னர் அவர். அவர் மறைந்தபின் 1547-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

2020 மார்ச் 26 பிற்பகல் 1 மணிக்கு, தக்க காரணமின்றி வீட்டைவிட்டு வெளியேறுவதை இங்கிலாந்தில் குற்றமாக்கிய விதிகள் பிறப்பிக்கப்பட்டு, அக்கணமே நடைமுறைக்கு வந்தன. நாடாளுமன்றத்தின்முன் அவை வைக்கப்பட்டது அன்று 2.30 மணிக்கு. நோயின் அவசரத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முந்தைய நாளே அவை விடுமுறைக்குக் கலைந்திருந்தது. மக்களவை அவ்விதிகளை விவாதித்து ஒப்புதல் தந்தது மே 4-இல். அதற்குள் அவை ஒருமுறை திருத்தப்பட்டும் விட்டன. 'எது தக்க காரணம்?' என்று அமைச்சரிடம் முன்கூட்டியே வினவி விடைபெற அம்முறை எவர்க்கும் வாய்க்கவில்லை.