இமயத்தைக் கடக்கும் வரித்தலை வாத்து

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரமுள்ள அம்மலையில் நடந்து ஏறும்போதே நமக்கு மூச்சு வாங்குகிறது. அதைப்போல் ஐந்தாறு மடங்கு உயரத்தில், தன் சிறகுகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பறவை ஒன்று உண்டு. அதுவே வரித்தலை வாத்து. பட்டைத்தலை வாத்து என்றும் கூறுவர்.

வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கருப்புப் பட்டைகள் இருப்பதால் இப்பெயர் வந்தது. சாம்பல் நிற உடலும், மஞ்சள் நிற அலகும் கால்களும் கொண்டது. நம் வீட்டு வாத்தைவிடப் பெரியது. இரண்டு முதல் மூன்று கிலோ எடை இருக்கும். கோடையில் மங்கோலியா, திபெத், லடாக் போன்ற உயர்நிலங்களின் ஏரிக்கரைகளிலும் தீவுகளிலும் தரையில் கூடு கட்டுகிறது. ஒரு மாத காலம் அடைகாக்கிறது. குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இக்காலத்தில் பெரிய பறவைகளும் தம் பறக்கும் இறகுகளை ஒன்றாக உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் பறக்க இயலாமல் தண்ணீரையே அடைக்கலமாகக் கொண்டு வாழ்கின்றன.

குளிர்காலத்தில் அவை இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்கு வருகின்றன. ஒரு பகுதி தமிழகம்வரை வந்து, நெல்லை மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் தங்குகிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரில், பறவைகள் மிரளக்கூடாது என்று மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

இவ்வளவு உயரத்தில் அவை எப்படிப் பறக்கின்றன? 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே. இப்பறவையின் நுரையீரல் பெரியது, மூச்சும் ஆழமானது. இதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. இறக்கைத் தசைகளிலும் இதயத்திலும் நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடி, கிடைத்ததை வீணாக்காமல் சேர்க்கின்றன. பின்னாளில் விண்வெளி வீராங்கனையான ஜெசிக்கா மெயர், குஞ்சிலிருந்தே தாம் வளர்த்த வாத்துகளுக்கு முகமூடி அணிவித்துக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டார். ஆக்சிஜன் குறைந்தபோது அவை தம் ஆற்றல் செலவைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து பறந்ததை 2019-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே இவை பறப்பதாகப் பல காலம் சொல்லப்பட்டது. ஆனால் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது பதிவான மிகுந்த உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அவை அதைவிடத் தாழ்வாகவே பறக்கின்றன. 2015-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் கூறியது: மலை உயர்ந்தால் உயர்கின்றன, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கிவிடுகின்றன. மெல்லிய காற்றில் உயரத்தைத் தக்கவைப்பதற்கு ஆகும் செலவைவிட, இறங்கி மீண்டும் ஏறுவதே மலிவு. குளிர்ந்த, அடர்ந்த காற்றுள்ள இரவிலும் விடியலிலும் பறப்பதையே அவை விரும்புகின்றன. தேவைக்கு மேல் உயராததே இப்பறவையின் வலிமை என்பது நம் சிந்தனைக்குரியது.

ஆயினும் இப்பறவைக்கும் ஆபத்துகள் உண்டு. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. அவற்றுள் வரித்தலை வாத்துகளே மிகுதி. குளிர்கால ஏரிகள் வற்றுவதும், தூர்வதும், ஆக்கிரமிக்கப்படுவதும் இன்னொரு ஆபத்து. இமயத்தைக் கடந்து வரும் பறவைக்கு, இறங்கும் இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் அதன் ஆற்றல் எல்லாம் எதற்கு?

கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து ஆண்டுதோறும் பிழைப்புக்காக வெளியூர் செல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்கும் வலசை என்பது விருப்பமல்ல, வாழ்வின் தேவை. போகுமிடத்தில் ஒதுங்க இடமும், திரும்பும்போது உயிரோடிருக்கும் ஊரும் அவர்களுக்கும் வேண்டும். நம் ஊர் ஏரியைத் தூர்வாரிக் காப்பதும், வந்தவரை வரவேற்பதும் பறவைக்கு மட்டும் செய்யும் உதவியல்ல. கூந்தன்குளத்து மக்கள் ஒரு நாள் மகிழ்ச்சியை விட்டுக்கொடுத்து அதைச் செய்கிறார்கள். நாம் எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம்?