முயல் கூடு யாருக்காகக் கட்டினது?

போன சித்திரையில் எங்களில் ஒருத்தரின் தங்கச்சி வளர்த்த இரண்டு முயலும் ஒரே மத்தியானத்தில் செத்துப்போச்சு. புங்குடுதீவில், வீட்டுப் பின்வளவில், வேப்பமரத்துக்குக் கீழே கூடு. மரச்சட்டம், நாலு பக்கமும் கம்பிவலை, அடியிலும் கம்பிவலை, மேலே தகரம். காலையில் நிழல் இருந்தது. மத்தியானம் வெயில் திரும்பினதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. தண்ணி இருந்தது, புல் இருந்தது. "சாப்பாடு எல்லாம் குடுத்தனான், பிறகேன் செத்தது?" எண்டு அந்தப் பிள்ளை கேட்டதுக்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கூட்டில் ஒரு பிழையும் எங்கட கண்ணுக்குத் தெரியவில்லை எண்டதுதான் உண்மை. தெரிஞ்ச வீடுகளில் எல்லாம் இப்படித்தான் கட்டுகினம். யாழ்ப்பாண ரவுணில் விற்கிற கூடும் இதே மாதிரித்தான். அப்ப இந்தக் கூட்டை முதலில் யோசித்தது யார்? எதுக்காக யோசித்தார்கள்? அதைத் தேடிப் போனபோது கதை ரோமாபுரி வரைக்கும் போய், ஒல்லாந்தர் வழியாகத் திரும்பி எங்கட தீவுக்கே வந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேணும். தமிழில் இரண்டு விலங்குக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். பற்றைக்குள் இருந்து விடியப்புறம் பாய்ந்தோடுகிற காட்டுமுயல் வேறு, கூட்டில் வளர்க்கிற முயல் வேறு. காட்டுமுயல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரியது. அது வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பளவுக்கு ஒரு பள்ளம் அமுக்கி, அதில் படுக்கும். குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வெட்டவெளியில் பிறக்கிற குட்டிக்கு அது வேணும்தானே. வளர்ப்பு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவை. வளை தோண்டி நிலத்துக்குக் கீழே கூட்டமாக வாழ்பவை. குட்டி மயிரில்லாமல், கண் மூடினபடி பிறக்கும். இந்த இரண்டு இனமும் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போடாது.

நிலத்துக்குக் கீழே என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரம் வளைக்குள், அந்தியிலும் விடியலிலும் வெளியே. இதுதான் அந்த விலங்கு பழகின நாள். அதுக்கு எங்களைப்போல வியர்க்காது. நாயைப்போல இளைத்துச் சூட்டைக் கழிக்கவும் சரியாக வராது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடுகிறது. சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் காதாலும் பிரயோசனம் இல்லை. 15 முதல் 20 பாகை வரை அதுக்குச் சுகம். 30ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கும். சித்திரையில் தகரத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கும் எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, மனிதர் முயலுக்குக் கட்டின முதல் வீடு எது? கி.மு. 37இல் ரோமரான வர்ரோ விவசாயம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் முயல் வளர்க்கும் அடைப்பு எப்படி இருக்கவேணும் எண்டு சொல்கிறார். சுற்றிவர மதில், அதில் சாந்து பூச்சு. பூனை மாதிரி விலங்குகள் நுழையக் கூடாது, ஓநாய் பாய முடியாத உயரம் வேணும். உள்ளே முயல் ஒளிந்துகொள்ளப் புல்லும் புதரும் வேணும். அங்கே வளர்ந்தது பெரும்பாலும் காட்டுமுயல்தான். ஆனால் ஸ்பெயினில் இருந்து வந்த, வளை தோண்டுகிற முயலையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். நோக்கம் இறைச்சி. ஆனாலும் அந்த விலங்குக்கு ஓட நிலமும் ஒளிய இடமும் இருந்தது.

மதில் கட்டச் செலவு. அதனால் அடுத்து வந்தவர்கள் கடலையே மதிலாக்கினார்கள். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு முயல் கொண்டுவந்த நோர்மன்கள் கரையோரத் தீவுகளில் அதை விட்டார்கள். தீவில் நரி இல்லை, முயலுக்கு ஓடிப்போக வழியும் இல்லை. பெருநிலத்தில் வளர்க்கவேண்டி வந்தபோது நீளமான மண்மேடு கட்டி, அதுக்குள் வளை தோண்ட வசதி செய்து கொடுத்தார்கள். அந்த மேடுகளை இங்கிலாந்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

தீவில் முயலை விடுவது எப்படி முடியும் எண்டதுக்கு ரோமர் காலத்திலேயே எச்சரிக்கை இருந்தது. ஸ்பெயினுக்குப் பக்கத்தில் இருக்கிற பலேயரிக் தீவுக்காரர் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸ் மன்னனிடம் படை கேட்டார்கள் எண்டு பிளினி எழுதியிருக்கிறார். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் போர்த்துக்கேயரான பெரெஸ்த்ரெலோ, மதெய்ராவுக்குப் பக்கத்தில் உள்ள போர்ட்டோ சாந்தோ தீவுக்குக் குடியேறப் போகும்போது ஒரு தாய்முயலையும் குட்டிகளையும் கொண்டுபோய் விட்டார். அவை பெருகி, நட்ட பயிரை எல்லாம் தின்றன. குடியேறினவர்கள் கொஞ்சக் காலம் அந்தத் தீவையே விட்டுப்போக வேண்டி வந்தது. இந்தப் பெரெஸ்த்ரெலோவின் மகளைத்தான் பிறகு கொலம்பஸ் கட்டினார்.

அடுத்து ஒல்லாந்தர். அவர்களுடைய நாட்டுக் கரையோர மணற்குன்றுகள் நூற்றாண்டுக் கணக்காக முயல் வளர்த்த நிலம். கடலைத் தடுத்து நின்ற குன்றுகளையே முயல் தோண்டிப் பலவீனமாக்கின கதையும் அங்கே உண்டு. 1652இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்காகத் தென்னாபிரிக்கக் கேப்பில் இறங்கிய யான் வான் ரீபீக், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ரொபன் தீவில் முயலை விட்டார். கிழக்கே போய்வருகிற கப்பல்களுக்கு இறைச்சி வேணும். நெல்சன் மண்டேலாவைப் பிறகு சிறை வைத்த அதே தீவுதான். 350 வருஷம் கழித்தும் அங்கே முயல் பெருகி, புல் பூண்டை அழித்து, கடைசியில் சுட்டுக் குறைக்கவேண்டி வந்தது.

அதே கொம்பனி 1658இல் போர்த்துக்கேயரிடம் இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயரை வைத்தது. வேலணைத் தீவு லைடன், காரைதீவு அம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். புங்குடுதீவுக்கு வைத்த பெயர் மிடில்பேர்க். அந்த மிடில்பேர்க்கும் அந்தக் காலத்தில் ஒரு தீவில் இருந்த நகரம்தான்.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனால் அந்தக் காலத்து விலங்கு வீடுகளின் மிச்சத்தைப் பார்க்கலாம். முருகைக்கல்லில் கட்டின புறாக்கூடு, உயரமாக, பொந்து பொந்தாக நிற்கிறது. குதிரை லாயத்தின் தூண்கள் நிற்கின்றன. லாயம் இடிந்துபோனாலும் குதிரைகள் இன்னும் தீவில் திரிகின்றன. கோடையில் தண்ணி இல்லாமல் அவை படுகிற பாட்டை ஊரார் அறிவினம். விலங்கைத் தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் அதுக்கு வேலை இருக்கும்வரைக்கும் கூரை போட்டார்கள். வேலை முடிந்ததும் கூரையும் போனது.

இப்ப பெட்டிக்கூட்டுக்கு வருவோம். முயலை வீட்டு விலங்காக்கியது பிரான்சுத் துறவிகள் எண்டும், கி.பி. 600 அளவில் ஒரு போப்பாண்டவர் முயற்குட்டியை மீன் மாதிரி நோன்பில் சாப்பிடலாம் எண்டு அனுமதி கொடுத்ததால் அது நடந்தது எண்டும் ஒரு கதை பல புத்தகத்தில் இருக்கிறது. 2018இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைத் தேடிப் பார்த்தபோது அப்படி ஒரு அனுமதி கொடுத்ததாக ஒரு ஆதாரமும் கிடைக்கவில்லை. முயல் ஒரே நாளில் வீட்டு விலங்காகவில்லை. மேட்டில் இருந்து முற்றத்துக்கு, முற்றத்தில் இருந்து பெட்டிக்கு, மெதுமெதுவாகத்தான் வந்தது.

முயற்கூட்டை ஆங்கிலத்தில் 'ஹட்ச்' எண்டு சொல்லுவினம். அந்தச் சொல்லின் பழைய பொருள் சாமான் போட்டு வைக்கிற பெட்டி. பொருத்தமான பெயர்தான். ஐரோப்பாவில் தொழிற்சாலை நகரங்கள் வளர்ந்தபோது தொழிலாளியின் வீட்டுப் பின்புறத்தில் நிலம் இல்லை. சுவரோரம் பெட்டியை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முயலை வைத்து, சில மாதம் தீனி போட்டு, பிறகு சட்டிக்கு எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது பிரித்தானிய அரசே வீட்டில் முயல் வளர்க்கச் சொன்னது. முயல் கழகங்களில் சேர்ந்தவர்களுக்குத் தவிடும் கொடுத்தது. அடியில் கம்பிவலை போட்டது புழுக்கை கீழே விழ, கூட்டுகிற வேலை குறைய. அந்த முயல் சில மாதம்தான் உயிரோடு இருக்கப்போகிறது, அதனால் காலில் புண் வந்தால் என்ன, தனியாக இருந்தால் என்ன எண்டு நினைத்திருப்பார்கள்.

செல்லப்பிராணியாக வளர்க்கிற முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும். நாங்கள் அதுக்குப் பெயர் வைத்து, மடியில் தூக்கி வைத்து, சில மாதத்துக்காக யோசித்த பெட்டிக்குள் பத்து வருஷத்துக்கு விடுகிறோம். எங்கட பின்வளவில் இருந்த கூட்டிலும் இதுதான் நடந்தது. அதை நாங்கள் ஒரு குளிர் நாட்டில் இருந்து, வேறு தேவைக்காகக் கட்டினதை, அளவு மாறாமல் எடுத்து வந்து தகரத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

இந்தப் பெட்டியை முதலில் கேள்வி கேட்டவர்களும் அந்த நாட்டுக்காரர்தான். அமெரிக்காவில் 1985இல் மரினெல் ஹாரிமன் என்பவர் முயலை வீட்டுக்குள் எப்படி வளர்க்கலாம் எண்டு ஒரு கைநூல் எழுதினார். 1988இல் கலிபோர்னியாவில் அதுக்கு ஒரு சங்கமே உருவானது. பிரித்தானியாவில் முயல் நலச் சங்கம், கூடு மட்டும் போதாது எண்டு பிரசாரம் செய்தது. இரண்டு முயலுக்கு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் வேணும், அதுவும் இரவும் பகலும் திறந்திருக்கவேணும் எண்டு கேட்டது. சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளில், முயல் கூட்டில் ஒதுங்க ஒரு இருட்டுப் பக்கம் வேணும், கொறிக்க எப்போதும் ஏதாவது இருக்கவேணும், எட்டுக் கிழமை வரை குட்டியைத் தனியே வைக்கக் கூடாது எண்டு எழுதியிருக்கிறது.

சுவிசில் புங்குடுதீவுச் சனம் நிறைய. அங்கே பிறந்த பிள்ளைகள் அறைக்குள் முயல் ஓடித்திரிகிற வீடியோவை அனுப்புகிறார்கள். இங்கே இருக்கிற மச்சாளும் ஆசைப்பட்டு முயல் வாங்குகிறாள். முயல் வந்தது, அந்த விதிகள் மட்டும் கூட வரவில்லை.

அதுக்காகச் சுவிஸ் வீட்டை இங்கே கட்டச் சொல்லவில்லை. சூடான நாட்டுக்காரர் தங்கட வழியைத் தாங்களே கண்டிருக்கிறார்கள். துனீசியாவிலும் எகிப்திலும் நிலத்துக்குக் கீழே சின்ன அறை கட்டி, முயல் பகலில் அங்கே இறங்கிப் படுக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய வளையைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் எங்கட சாமான் இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொட்டில் போட்ட ஊர் இது. பனையோலை வேய்ந்த கூரை தகரத்தைப்போல சூட்டை இறக்காது. முருகைக்கல்லும் பானையும் மணலும் தீவில் எல்லா இடமும் இருக்கிறது.

வெளியே வளர்ப்பதென்றால், மரநிழலில், ஓலைக் கொட்டில். ஆள் நிமிர்ந்து உள்ளே போகிற உயரம். சுற்றிவர ஒன்றரை அடி ஆழத்துக்குக் கல் இறக்கி, அதுக்கு மேலே கம்பிவலை. நாயும் கீரியும் தோண்டி உள்ளே வரக் கூடாது, முயலும் தோண்டி வெளியே போகக் கூடாது. போர்ட்டோ சாந்தோவையும் ரொபன் தீவையும் படித்த பிறகு இரண்டாவதும் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. வளர்க்க முடியாமல் போனாலும் வளவுக்கு வெளியே அவிழ்த்துவிடக் கூடாது. நிலத்தில் மணல் தடிப்பாகப் போட்டு, பெரிய மண்பானையைச் சரித்துப் பாதி புதைத்து வைத்தால் அதுதான் வளை. வெயில் ஏறும்போது பானையின் வெளிப்பக்கத்தை நனைத்துவிடலாம்.

வீட்டுக்குள் எண்டால் இன்னும் சுகம். பழைய வீட்டுச் சீமெந்து நிலம் குளிர்ச்சி. விறாந்தை மூலையில் இரண்டு வாசல் வெட்டின மட்டைப்பெட்டி, கால் வழுக்காமல் ஒரு சாக்கு, எந்நேரமும் காய்ந்த புல். ஒரே மூலையில் போகிற பழக்கம் முயலுக்கு உண்டு, அங்கே ஒரு தட்டில் வைக்கோல் வைத்தால் வீடு நாறாது. கரண்ட் வயரை மட்டும் உயர்த்திக் கட்டவேணும், கடிக்கும். குடிதண்ணி பவுசரில் வருகிற ஊரில் முயலுக்கும் அந்தத் தண்ணியைத்தான் வைக்கவேணும், உவர்த்தண்ணி வேண்டாம். தனியாக ஒன்றை வளர்க்காமல் இரண்டாக வாங்குங்கள், இரண்டும் பெட்டையாக. ஆணும் பெண்ணும் சேர்த்தால் 31 நாளில் குட்டி, பிறகு திரும்பவும் கூடு போதாது.

அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் இப்ப பதில் சொல்லியிருக்கிறோம். சாப்பாட்டில் குறையில்லை, வீடுதான் பிழை, அதுவும் நீ கட்டின வீடு இல்லை எண்டு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொட்டில் கட்டி முடிஞ்ச பிறகுதான் இனி முயல் எண்டு சொன்னாள். ஓலை வெட்டிக் காயப்போட்டிருக்கு. பானை இன்னும் வாங்கவேணும்.