பயில்வான் காமா: வலிமையும் அதன் எல்லையும்

'பயில்வான்' என்னும் சொல் நம் மொழிக்கு வெளியிலிருந்து வந்தது. பாரசீகத்தில் வீரனைக் குறிக்கும் 'பஹ்லவான்' என்பது தென்னாட்டை அடைந்து, தமிழ் நாவில் பயில்வானாகியது. வேற்றுச் சொல்லாயினும், அதன் தமிழ் வடிவம் நம்முடைய 'பயில்' என்னும் வினைச்சொல்லோடு ஒலியால் ஒன்றிவிட்டது. நாள்தோறும் பயில்பவனே பயில்வான் என்று பொருள் கொள்வது சொற்பிறப்பின்படி பிழைதான். எனினும் உண்மைக்கு மிக அருகில் நிற்கும் பிழை. உடல்வலிமை பயிற்சியால் வருவது. பயிற்சி நின்றால் போவது. பெட்டியில் பூட்டி வைக்கும் பொன்போன்றதன்று அது. அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவாகும் கூலியை ஒத்தது. அக்கூலியை யார் கொடுத்தார்கள் என்னும் வினாவை, மல்லர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியாவின் ஈடற்ற மல்லராக விளங்கிய காமாவின் வாழ்க்கையை இவ்வினாவோடு அணுகினால், பல செய்திகள் புலப்படும். அவருடைய இயற்பெயர் குலாம் முகம்மது. 1878-இல் மல்லர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை இளமையிலேயே மறைந்துவிட, தாய்வழி உறவினர் அவரை வளர்த்துப் பயிற்றினர். 1888-இல் சோத்பூர் அரசர் ஓர் உடற்பயிற்சிப் போட்டி நடத்தினார். நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்ட அப்போட்டியில், இறுதிவரை தாங்கி நின்ற பதினைவருள் பத்து வயதுக் காமாவும் ஒருவர் என்பர். அதன் பின்னர்த் தத்தியா சமஸ்தானத்தின் அரவணைப்பு அவருக்குக் கிட்டியது.

மற்போர் பயிலும் களத்தை வடநாட்டார் 'அகாடா' என்று வழங்குவர். மோரும் எண்ணெயும் கலந்து பதப்படுத்திய மண்ணே அக்களத்தின் தரை. அம்மண்ணைக் கொத்திக் கிளறுவதே நாளின் முதற் பயிற்சி. தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில். பின்னர்க் கர்லாக்கட்டையும் கதாயுதமும். அதன் பின்னர் மற்போர். இத்தகைய உழைப்புக்குப் பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் ஏராளமாக வேண்டும். ஓர் உழவர் குடும்பம் கனவிலும் காணவியலாத உணவு அது. அரண்மனைக் கருவூலம் திறந்திருந்தமையாலேயே அந்த உடல் உருவாயிற்று.

காமாவைப் பற்றிய புனைவுகளும் பல. பரோடாவில் ஒரு கல் காட்டப்படுகிறது. 1902-இல் அவர் அதனைத் தூக்கினார் என்றும், அதன் எடை 1200 கிலோகிராம் என்றும் கூறுவர். 2020-இல் ஐஸ்லாந்து நாட்டு வீரர் ஒருவர் 501 கிலோகிராம் எடையைத் தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்தியதே உலகச் சாதனையாகப் போற்றப்பட்டது. அவ்வாறிருக்க, பரோடாச் செய்தியை அப்படியே ஏற்பதற்கில்லை. மெய்யாக நிகழ்ந்தவையே வியப்பூட்டப் போதுமானவை.

1910-இல் வங்காளச் செல்வர் சரத்குமார் மித்ராவின் பொருளுதவியால் காமா இலண்டன் சென்றார். 5 அடி 7 அங்குல உயரமே உடைய அவரை அந்நகரம் முதலில் பொருட்படுத்தவில்லை. அறைகூவல் விடுத்துப் பலரை வீழ்த்திய பின்னரே பெரிய மல்லர்கள் அவரை எதிர்க்க முன்வந்தனர். அமெரிக்க மருத்துவரும் மல்லருமான ரோலர், ஆகஸ்டுத் திங்களில் அவரிடம் தோற்றார். செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து மல்லர் ஸ்தானிஸ்லாஸ் சிபிஷ்கோ களம் இறங்கினார். எடையில் காமாவைவிட மிக்கவரான அவர், போட்டி தொடங்கிய சற்று நேரத்திலேயே கீழே தள்ளப்பட்டார். பின்னர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையை அணைத்துக்கொண்டு தற்காத்தார். முடிவின்றிப் போட்டி கலைந்தது. ஒரு வாரங் கழித்து மீண்டும் மோதக் குறித்த நாளில் சிபிஷ்கோ வரவேயில்லை. பட்டம் காமாவுக்கு உரியதாயிற்று. ஆளப்படும் மக்கள் உடலாலும் தாழ்ந்தவர் என்று ஆட்சியாளர் பேசிவந்த காலம் அது. அப்பேச்சுக்கு மறுமொழி பேரரசின் தலைநகரிலேயே கிடைத்ததை எண்ணி இந்தியர் பெருமிதங் கொண்டதில் வியப்பில்லை.

மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது 1928ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அவ்விருவரையும் மீண்டும் மோதச் செய்தார். காமாவுக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. சிபிஷ்கோவும் ஒத்த அகவையினரே. பல்லாயிரவர் காணக் கூடியிருந்தனர். ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. சிபிஷ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டுவிட்டது. மனிதனின் தசைத்திரள் முப்பது வயதுக்குப் பின்னர்ப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்து செல்கிறது என்பது மருத்துவர் கணிப்பு. அறுபதுக்கு மேல் அவ்விறக்கம் விரைவுபடும். நாற்பதாண்டு இடைவிடாப் பயிற்சி அந்த இறக்கத்தை எவ்வளவு தூரம் தள்ளிப்போட வல்லது என்பதற்குப் பாட்டியாலா ஒரு சான்று.

முதுமையிலும் வலிமை வளரும் என்பதை அறிவியலார் பின்னர்க் கண்டனர். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோர்க்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை நிறைவு செய்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், அடைந்திருந்த உச்ச வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கரைந்தது. முதற்செய்தியைப் பலரும் எடுத்துரைப்பர். இரண்டாம் செய்தியை நான் அதனினும் இன்றியமையாததாகக் கருதுகிறேன்.

1947-இல் நாடு பிரிந்தது. காமா இலாகூரில் வாழ்ந்தார். கலவரத்தின்போது தம் தெருவில் வாழ்ந்த இந்துக்களைத் தாக்க வந்த கூட்டத்தை அவரும் அவருடைய மாணாக்கரும் தடுத்து நின்றனர் என்பர். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. அவர் வாழ்க்கையில் பெற்ற பட்டங்கள் அனைத்தையும் விட இச்செயலே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அவரைப் புரந்த உலகம் அதற்குள் மறைந்துகொண்டிருந்தது. தத்தியாவும் பாட்டியாலாவும் எல்லைக்கு அப்பால் போயின. 1948-இல் பாட்டியாலா தனிச் சமஸ்தானமாக இல்லாமற்போயிற்று. மன்னரின் மானியத்தை நம்பிய மல்லருக்கு ஓய்வூதியம் ஏது? இதயநோயும் மூச்சிரைப்பும் வாட்ட, மருந்துக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. பாகிஸ்தான் அரசு ஓரளவு உதவியது; இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லாவும் பணம் அனுப்பினார். 1960 மே 23ஆம் நாள் காமா இலாகூரில் காலமானார். களத்தில் எவரும் அவரை வென்றதில்லை என்பதே மற்போர் உலகம் போற்றும் செய்தி.

அரசர் போன பின்னர், மல்லர்க்குச் சோறிட்டது நுழைவுச்சீட்டு. இம்மாற்றத்தை நம் நாடுகளே நேரில் கண்டன. 1940-களின் இறுதியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்த தாரா சிங், இங்கேயே தொழில்முறை மல்லராக உருவானார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று பெயர் பெற்றார். ஹேப்பி வேர்ல்டு போன்ற கேளிக்கைப் பூங்காக்களின் அரங்குகளில் திரண்ட மக்களே அக்கால மல்லர்களைப் புரந்தோர். பின்னர்த் தாரா சிங் திரையுலகம் புகுந்தார். அறுபதை நெருங்கிய வயதில் 'இராமாயணம்' தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றினார். 2003-இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். வலிமை குன்றத் தொடங்கியபோது, வலிமையின் தோற்றமே அவருக்கு ஒரு தொழிலாயிற்று. காமாவின் தலைமுறைக்கு அவ்வழி திறக்கவில்லை.

சிபிஷ்கோவுக்குத் திறந்தது. 1921-இல், நாற்பதைக் கடந்த வயதில், அமெரிக்காவில் அவர் உலகப் பட்டம் பெற்றிருந்தார். 1925-இல் வெய்ன் மன் என்னும் இளைஞரை வென்று அதனை மீட்டார். பாட்டியாலாத் தோல்விக்குப் பின்னர்ச் சில ஆண்டுகளில் களத்தைவிட்டு நீங்கி, மிசூரி மாநிலத்தில் பண்ணை ஒன்றில் குடியேறினார். 1950-இல் ஜூல்ஸ் தாசின் இயக்கிய 'நைட் அண்ட் த சிட்டி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் மற்போரின் மாண்பு கெடக் கண்டு மனம் பொறாத முதிய மல்லராகச் சிபிஷ்கோ நடித்தார். அவருக்கு அப்போது எழுபது வயது. கதை நிகழும் களம், நாற்பதாண்டுக்கு முன் காமாவிடம் அவர் தரையோடு தரையாகக் கிடந்த அதே இலண்டன். படத்தில் அம்முதியவர் தம்மினும் இளையவனை நெருக்கிப் பிடித்து வெல்கிறார். வென்ற களைப்பிலேயே மகனின் கைகளில் உயிர் விடுகிறார். படம் முடிந்ததும் சிபிஷ்கோ தம் பண்ணைக்குத் திரும்பி, இளைஞர்களுக்கு மற்போர் கற்பித்துக்கொண்டு, 1967 வரை வாழ்ந்தார்.