துண்டின் மறைவில் பேசிய விலை

காவிரியின் இடக்கரையில் அமைந்த பரமத்தி வேலூர் வட்டாரத்தில், ராஜா வாய்க்கால் பாசனத்தில் விளையும் வாழைத்தாரும் வெற்றிலையும் தென்னையிலிருந்து கிடைக்கும் தேங்காய்ப்பருப்பும் கரும்பைக் காய்ச்சி எடுக்கும் வெல்லமும் பெரும்பாலும் ஏலத்திலேயே விலை காண்பவை என்பதால், ஏலத்தின் நேர்மையே இங்குள்ள உழவர் வீட்டு வரவு செலவைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் பழைய சந்தைகளில் தரகரும் வணிகரும் ஒரு துண்டைக் கைகளின்மேல் போர்த்தி, அதன் மறைவில் விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் இருந்தது; பொருளுக்கு உரியவர் அருகிலேயே நின்றாலும் எந்த விரலுக்கு எவ்வளவு விலை என்பதை அறிய முடியாது. எடைக் குறைப்பும் காரணம் சொல்லாத பிடித்தங்களும் இதனுடன் சேர்ந்துகொள்ள, 1928இல் அறிக்கை அளித்த வேளாண்மைக்கான அரச ஆணையம் ஒழுங்குமுறைச் சந்தைகள் தேவை என்று வலியுறுத்தியது. 1933இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்றியது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. 1959இலும் 1987இலும் புதிய சட்டங்கள் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தன.

விற்பவரைக் காக்கும் இம்முயற்சி மாகாண அளவில் தொடங்கி நெடுங்காலம் சென்ற பின்னரே தேசிய அளவில் போட்டி குறித்த சட்டம் பிறந்தது. 1969ஆம் ஆண்டின் முற்றுரிமை மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டம், பெருநிறுவனங்களின் ஆதிக்கத்தையே முதன்மையாக நோக்கியது. நீதிபதி சச்சார் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று 1984இல் செய்யப்பட்ட திருத்தம், பொய் விளம்பரம், தரத்தைத் திரித்துக் கூறுதல் போன்ற செயல்களை ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்று வகுத்து அச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நுகர்வோர் மட்டுமன்றி வணிகர் சங்கமும் அதன்கீழ் முறையிடலாம் என்பது இங்கே சிறப்பாகக் கருதத் தக்கது. பின்னர் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனியே எழுந்தது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளாமல் நுகர்வோர் சட்டத்துக்கே விட்டுவிட்டது. 2009இல் 1969ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டதுடன் போட்டிச் சட்டத்துக்கும் நுகர்வோர் சட்டத்துக்கும் இடையிலான பிரிவினை முழுமையடைந்தது.

ஏலம் கேட்போர் தமக்குள் பேசிவைத்து விலையை அமுக்குவதைப் போட்டிச் சட்டம் தடைசெய்கிறது. அந்த உடன்பாட்டுக்குத் துணைநிற்பவர் அதே தொழிலைச் செய்யாதவராயினும் அதில் பங்குடையவராகவே கருதப்படலாம் என்று 2023ஆம் ஆண்டின் திருத்தம் விரித்துரைத்தது. துண்டின் மறைவில் விரல் தொட்ட தரகரை நினைவில் கொண்டால் இத்திருத்தத்தின் தேவை விளங்கும்.

ஆனால் வெல்லத்தின் சிக்கல் வேறு. இவ்வட்டாரத்தின் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு முப்பது கிலோ சிப்பங்களாக வரும் வெல்லத்தில், கரும்புச்சாற்றை மட்டும் கொப்பரையில் காய்ச்சியது இயல்பாகவே சற்றுக் கருத்திருக்கும். ‘அஸ்கா’ என்று இப்பகுதியார் சொல்லும் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து, ‘ஹைட்ரோஸ்’ என்னும் வேதிப்பொருளால் வெளுத்தது பளிச்சென்று மஞ்சளாகத் தோன்றும். கண்ணுக்கு அழகானது அதிக விலைக்குப் போகும்போது, உண்பவர் ஏமாறுவது ஒருபுறம் இருக்க, கலப்படம் செய்யாத ஆலைக்காரரும் ஏலத்தில் தோற்கிறார். அதாவது, நுகர்வோருக்கு இழைக்கப்படும் அதே வஞ்சனை போட்டியையும் கெடுக்கிறது.

விதை வாங்கும் உழவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்துள்ளது. எனினும் வெல்லம் விற்க வரும்போது அவர் நுகர்வோர் அல்லர். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் அவர் புகார் தரலாம். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையீட்டாளராகக் கொள்ளும் நுகர்வோர், நுகர்வோர் சங்கம், அரசு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆகியோரின் வரிசையில் அவருக்கோ அவருடைய சங்கத்துக்கோ இடமில்லை. 1984இல் வணிகர் சங்கத்துக்குத் திறந்திருந்த அந்த வாயிலை, அடுத்த திருத்தத்தில் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் சேர்த்தே மீண்டும் திறக்க வேண்டும்.