நிலம் ஈன்ற பந்தயத் தடங்கள்

மோட்டார்ப் பந்தயத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஓட்டுநர்களின் தீரத்தையும் இயந்திரங்களின் வேகத்தையுமே விஸ்தரித்துச் செல்வர். அவ்விரண்டையும் தாங்கி நிற்கும் தடத்தைச் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுவர். ஆயினும் தடத்துக்குத் தடம் சுபாவம் வேறுபடுகிறது என்பதும், ஒரு தடத்தில் வென்ற வண்டி மற்றொன்றில் தடுமாறுகிறது என்பதும் பந்தயம் பழகிய எவரும் அறிந்த விஷயம். இந்தச் சுபாவம் எங்கிருந்து வருகிறது? வரைபடம் போட்ட பொறியாளரின் சித்தத்திலிருந்து வருவதைக் காட்டிலும், பந்தயம் வருமுன் அந்த நிலம் என்னவாக இருந்தது என்பதிலிருந்தே அது மிகுதியும் வருகிறது என்பது இவ்வாய்வில் நான் கண்ட முடிபு.

ஆதியில் தடம் என்று தனியாக ஒன்று இல்லை. ஊருக்கு ஊர் செல்லும் சாலையே பந்தயக் களம். 1895இல் பாரிஸிலிருந்து பொர்தோ சென்று திரும்பிய பந்தயத்தில், எமில் லெவாஸர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிஷத்தில் கடந்தார். எட்டாண்டு கழித்து, 1903 மே மாதத்தில், பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளின் வேகம் பன்மடங்கு பெருகியிருக்க, சாலை மட்டும் பழைய சாலையாகவே இருந்தது. வேலியின்றி இருமருங்கும் நெருங்கி நின்ற ஜனங்களுக்கிடையே, முன்செல்லும் வண்டி கிளப்பிய புழுதியில் வழி தெரியாமல் ஓட்டியவர்களும், பார்க்க வந்தவர்களுமாகப் பலர் மாண்டனர். ஓட்டுநர் மார்ஸெல் ரெனோவும் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சு அரசாங்கம் பந்தயத்தைப் பொர்தோவிலேயே நிறுத்திவிட்டது. ஓடி வந்த வண்டிகளைக் குதிரைகளைப் பூட்டி ரயிலடிக்கு இழுத்துச் சென்றார்கள். பந்தயம் திறந்த சாலையை விட்டு ஓர் எல்லைக்குள் அடங்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது அன்றிலிருந்துதான். அதற்கு முந்தைய ஆண்டே, பெல்ஜியத்தின் ஆர்டென் பிரதேசத்தில், சாலைகளை அடைத்துச் சுற்றிச் சுற்றி ஓடும் முறையும் அறிமுகமாகியிருந்தது.

இங்கிலாந்தின் சங்கடம் வேறு விதமானது. மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை 1903ஆம் ஆண்டுச் சட்டம் சாலைகளில் விலக்கியிருந்தபடியால், மோட்டார் செய்வோர் தம் வண்டியைச் சோதித்துப் பார்ப்பதற்கும் இடமின்றித் தவித்தனர். ஹ்யூ லாக் கிங் என்னும் நிலச்சுவான்தார் ஸர்ரே பகுதியில் தமக்குச் சொந்தமான நிலத்தில், வே என்ற சிற்றாற்றின் கரையில், தம் செல்வத்தைக் கரைத்து 1907இல் நிர்மாணித்த புரூக்லண்ட்ஸே மோட்டார்ப் பந்தயத்துக்கென்று உலகில் எழுந்த முதல் பெருந்தடம். இரண்டே முக்கால் மைல் சுற்றளவும், 100 அடி அகலமும், வளைவுகளில் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குக் கிண்ணத்தின் விளிம்புபோல் ஏறிய சாய்வும் கொண்டது அது. அத்தகைய செங்குத்தான சரிவில் தாரைப் பரப்ப அக்காலத்து முறைகள் இடங்கொடாமையால் கான்கிரீட்டைப் பரப்பினர்; கம்பி கட்டாத அந்தக் கான்கிரீட், கீழிருந்த மண் அமிழ அமிழ, அலை அலையாக மேடுபள்ளம் கண்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டுமிடத்தில் விழுந்த மேடு பிரசித்தம். 1935இல் மணிக்கு 143 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அத்தடத்தின் இறுதிச் சாதனையை நிலைநாட்டிய ஜான் காப் ஓட்டிய நேப்பியர்-ரெயில்டன் என்னும் பெரிய வண்டி, அந்த மேட்டில் நான்கு சக்கரமும் தரையை விட்டெழும்ப, அந்தரத்தில் நிற்கும் புகைப்படத்தைக் காண்போர், அதைத் தூக்கியெறிவது வே நதிக்கரையின் ஈரமண்தான் என்பதை மறக்கலாகாது. மனிதர் வகுத்தது சீரான தடம். மண் அதில் தன் கையெழுத்தை இட்டுவிட்டது.

அமெரிக்காவில் 1909இல் திறந்த இந்தியானாபொலிஸ் தடத்திலும் தரையே முதற்பாடம் கற்பித்தது. நொறுக்கிய கல்லும் தாரும் கலந்த பரப்பு முதற்பந்தயங்களிலேயே பெயர்ந்து உயிர்களைப் பலிகொள்ள, உரிமையாளர்கள் அவ்வாண்டு முடியுமுன் 32 லட்சம் செங்கற்களை அதன்மேல் பாவினார்கள். 1911இல் ரே ஹாரூன் மார்மன் வண்டியில் முதல் 500 மைல் பந்தயத்தை வென்றது அந்தச் செங்கல் தரையில்தான். இன்று எஞ்சியிருப்பது பந்தயம் தொடங்கும் கோட்டில் ஒரு கஜ அகலச் செங்கல் வரிசை மாத்திரம்.

மலைநாடுகளுக்குப் பந்தயம் ஏறியபோது நிலத்தின் ஆதிக்கம் பின்னும் தெளிவாயிற்று. ஜெர்மனியில் ஐஃபல் மலைப் பிரதேசம் வறுமையில் வாடியது. அங்குள்ளோருக்கு வேலை தரும் பொருட்டு 1925இல் தொடங்கி 1927இல் முடித்த நூர்புர்க்ரிங்கின் வடசுற்று, நூர்புர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டினூடே ஏறியும் இறங்கியும் 22 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. ஓரிடத்தில் வளைவின் உட்புறத்தில் மழைநீர் வடிய ஒரு வாய்க்கால் இருந்தது. உட்சக்கரங்களை அவ்வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டால் வண்டி வெளியே சறுக்காமல் விரைந்து திரும்பும் என்று கரச்சியோலா போன்ற ஓட்டுநர்கள் கண்டுகொண்டனர். பின்னர் அவ்வாய்க்காலே கான்கிரீட் போட்ட வளைவாகிப் புகழ்பெற்றது. மழைநீருக்கு வெட்டிய வழி பந்தயத்துக்கு வழியான இந்த ஒரு நிகழ்ச்சி என் முடிபுக்குப் போதிய சான்று. இத்தகைய தடத்தில் வலிமையைக் காட்டிலும் நினைவாற்றலும் நிதானமும் பெரியவை. 1935இல் டாட்ஸியோ நுவோலாரி, வலிமையில் குன்றிய ஆல்ஃபா ரோமியோவைக் கொண்டு ஜெர்மானியரின் பேராற்றல் வாய்ந்த வண்டிகளை அவர்கள் மண்ணிலேயே வென்றது இங்கேதான்.

பெல்ஜியத்தின் ஸ்பா தடமோ சரித்திரத்தின்மீதே ஓடியது. 1921இல் ஃபிரான்கார்ஷான், மால்மெடி, ஸ்டாவலோ ஆகிய மூன்று ஊர்களை இணைக்கும் சாலைகளை முக்கோணமாகச் சேர்த்து அதை வகுத்தனர். முதல் உலக யுத்தம்வரை மால்மெடி பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்தது. 'செந்நீர்' என்று பொருள்படும் ஓ ரூஷ் ஓடையே இரு நாடுகளுக்கும் எல்லை. ஆகவே பந்தய வண்டிகள் பழைய எல்லையைத் தாண்டி, பழைய சுங்கச் சாவடியின் அருகே கொண்டை ஊசிபோல் திரும்பின. அவ்வளைவின் பெயரே 'பழைய சுங்கம்'. 1939இல் அதைத் தவிர்த்து ஓடையிலிருந்து நேரே மேட்டில் ஏறும் பாதையை அமைத்தார்கள். இன்று உலகம் வியக்கும் அந்த ஏற்றத்தின் கதை இது.

இரண்டாம் யுத்தம் வேறொரு குலத்தைப் பெற்றெடுத்தது. குண்டுவிமானங்கள் புறப்பட்ட ஸில்வர்ஸ்டன் தளத்தில், வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் எல்லையாக அடுக்கி, 1948இல் பந்தயம் நடத்தினர். ஓடுபாதைகள் சந்திக்குமிடத்தில் எதிரெதிரே விரையும் வண்டிகளைக் கண்டு ஓட்டுநர் மிரளாதிருக்கத் திரை கட்டவும் நேர்ந்தது. 1950 மே 13இல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதற்பந்தயம் நிகழ்ந்ததும் அங்கேதான். காட்டையும் மலையையும் அறியாத, தட்டையான, காற்று வீசும் தடம் அது. அதன் குணத்தை நம்மவர் எளிதில் உணர்வர். ஏனெனில் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் யுத்தகால விமானத் தளமே பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்களை அத்தளமே நெடுங்காலம் தாங்கியது. 1990இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே வகுத்த தடம் வந்தது.

ஜப்பானில் 1962இல் திறந்த ஸுஸுகாவின் வரலாறு எனக்கு மிகவும் உவப்பானது. முதலில் சமதரையில் தடம் போடத் திட்டமிட்டபோது, அங்கு நெல்வயல் இருப்பதறிந்த, தடத்தை அமைக்க முனைந்த சோய்ச்சிரோ ஹோண்டா, வயலை அழிக்கலாகாது என்று தடுத்துவிட்டார். அதனால் மேட்டுநிலத்துக்கு நகர்ந்த தடத்தை ஹாலந்து தேசத்து ஜான் ஹூகன்ஹோல்ட்ஸ் எட்டு என்னும் எண்ணைப்போல் தன்னையே மேம்பாலத்தால் கடக்கும்படி வகுத்தார். அதன் ஏற்ற இறக்கமும் அழகும் நெல்லைக் காத்த மனத்தால் விளைந்தவை.

ஆனால் நிலம் கொடுத்த குணத்தில் கொடுமையும் கலந்திருந்தது. 1966 ஜூன் மாதம் ஸ்பாவில் முதற்சுற்றிலேயே மழை பொழிய, ஜாக்கி ஸ்டீவர்ட்டின் வண்டி மாஸ்டா என்னும் நெளிவில் தடம் விலகி நொறுங்கியது. பெட்ரோல் கசிந்து தேகமெல்லாம் நனைய, வளைந்த ஸ்டியரிங்கின் அடியில் அவர் 25 நிமிஷம் சிக்கிக் கிடந்தார். மீட்க ஓடிவந்தோர் சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும். ஸ்டியரிங்கைக் கழற்றும் ஸ்பேனரைப் பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கவேண்டியிருந்தது. அதன்பின் ஸ்டீவர்ட் தம் வண்டியில் ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார். தடுப்புவேலிக்கும் வைத்திய வசதிக்கும் போராடினார். கோழைத்தனம் என்று அன்று அவரைப் பழித்தவர்கள் செய்தது அநீதி. 1976இல் நிக்கி லௌடா நூர்புர்க்ரிங்கில் தீயில் சிக்கிப் பிழைத்தபின், அம்மலைச் சுற்றுக்கு ஃபார்முலா ஒன் உலகப் போட்டி திரும்பவேயில்லை.

அபாயம் அகன்றது சரியே. ஆனால் அதோடு நிலத்தையும் அகற்றிவிடலாம் என்று சிலர் எண்ணியது பிழை. ஷாங்காயில் 2004இல் சதுப்பை அடக்கி எழுப்பிய தடமும், டெல்லியருகே 2011 முதல் மூன்றாண்டு மாத்திரம் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி கண்ட புத் தடமும் விசாலத்திலும் பாதுகாப்பிலும் குறைவற்றவை. எனினும் அங்கு முன்பு என்ன இருந்தது என்பதை வளைவுகளைக் கொண்டு யூகிக்க முடிவதில்லை. ஸ்பாவில் அவ்வாறு செய்யவில்லை. 1979இல் 14 கிலோமீட்டர்த் தடத்தை ஏழாகச் சுருக்கியவர்கள், ஓடையையும் ஏற்றத்தையும் காட்டையும் விடாமல், மால்மெடி நோக்கிச் செல்லும் கொடிய பகுதியை மாத்திரம் வெட்டிவிட்டார்கள். வெட்டுண்ட அப்பகுதி மீண்டும் ஊர்ச்சாலையாயிற்று. ஸ்டீவர்ட் சிக்கிக்கிடந்த மாஸ்டா நெளிவில், வீடுகள் சாலையை ஒட்டி நிற்கின்றன. அவ்வழியே அக்கம்பக்கத்து ஜனங்கள் மிதமான வேகத்தில் தம் வேலைக்குப் போய்வருகிறார்கள்.