வாயில்லா ஜீவனின் வாய்

திருத்தணி வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய சாக்குக்குள் இரண்டு கடிவாளங்கள் கிடைத்தன. தாத்தாவுடையவை. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்காவில் கொண்டுபோய் விட்டவர் அவர். ஆடிக் கிருத்திகை சமயத்தில் ராத்திரி பகல் இல்லாமல் வண்டி ஓடுமாம். நான் பிறப்பதற்கு முன்பே குதிரையை விற்றாயிற்று. ஆனாலும் தாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்: "குதிரையைப் பிள்ளை மாதிரி வச்சிருந்த மனுஷன்."

ஒரு கடிவாளம் வழுவழுப்பானது, நடுவில் ஒரு மூட்டு. இன்னொன்றின் வாய்க்கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்ன இரும்பு முட்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"அது புதுக்குட்டிக்குப் போடறது. பழக்குற வரைக்கும்தான்" என்றாள்.

அந்த 'தான்' என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரியெல்லாம் குதிரையின் வாயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கடிவாளம் என்ற சொல்லைக் கேட்டால் குதிரை எதையோ கடித்துப் பிடித்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில் பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே தாடை எலும்பை மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. அந்த ஈறின் மேலும் நாக்கின் மேலும்தான் இரும்பு கிடக்கிறது. குதிரை என்ற அத்தனை பெரிய உடம்பை மனிதன் பிடித்துக்கொள்ளக் கண்டுபிடித்த இடம் அது.

எது மென்மையான கடிவாளம் என்பதற்கு நேரான பதில் இல்லை. கம்பி தடிமனாக இருந்தால் அழுத்தம் பரவும், வலி குறையும். ஆனால் ஜட்காவில் கட்டுகிற மட்டக்குதிரையின் சின்ன வாய்க்குள் தடிக்கம்பி அடங்காது, நாக்கை நசுக்கும். நடுவில் ஒற்றை மூட்டு இருந்தால் வாரை இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை இரண்டு பக்கமும் நெருக்கும். சில வாய்களில் மூட்டு மேலண்ணத்தையும் குத்தும். இரண்டு மூட்டு வைத்தது நாக்கின்மேல் கொஞ்சம் இணக்கமாகப் படியும். பக்கவாட்டில் நீண்ட தண்டு இருந்தால் அது நெம்புகோல். கையின் சின்ன இழுப்புகூட வாயில் பல மடங்காக இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வாரைப் பிடித்திருக்கிற கை. முரட்டுக் கைக்கு மென்மையான கடிவாளம் என்று ஒன்று கிடையாது.

இளங்குட்டி என்றால் இன்னொரு சங்கடம். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அதற்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன. மனிதன் அதை வண்டிக்குப் பழக்குவதும் பெரும்பாலும் அதே வயதில்தான். ஏற்கெனவே வலிக்கிற வாய்க்குள் முதல் இரும்பு நுழைகிறது. வலியில் தலையை உதறினால் 'திமிர்' என்று பெயர். திமிருக்கு மருந்து, முள்.

இது தாத்தா கண்டுபிடித்ததும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில், கிரேக்கத்துச் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில் இரண்டு கடிவாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார், ஒன்று வழவழப்பாக, மற்றது கரடுமுரடாக. கரடானதில் பழகிய குதிரை, வழவழப்பானதைப் போட்டதும் நிம்மதியாக அதே வேலையைச் செய்யுமாம். நம் பரணிலும் அதே ஜோடி!

நம் பக்கத்துக் கதையும் பெருமைப்படும்படி இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர் வருடத்துக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கியும் வருடக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணமாம். குதிரை வைத்தியர்கள் வந்துவிட்டால் வியாபாரம் குறைந்துவிடும் என்று, அவர்கள் இங்கே வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார். கடலைத் தாண்டிக் குதிரை வந்தது. குதிரையைத் தெரிந்த கை வரவில்லை.

சட்டம் வந்தது ரொம்பத் தாமதமாக. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1960 டிசம்பரில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதே வருடம் ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தாத்தா ஒரே வருடத்தில் மாநிலம் மாறினார், அவருடைய குதிரைக்குச் சட்டமும் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1965இல் வந்த விதிகள், முள் வைத்த கடிவாளத்தை வெளிப்படையாகத் தடைசெய்தன. அறுபது வருடம் கழித்தும் வட இந்தியாவின் வண்டிக் குதிரைகளின் வாயிலிருந்து முள் கடிவாளங்களை விலங்குநல அமைப்புகள் கழற்றிக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் காலை இரண்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். வழவழப்பானதன் மூட்டு தேய்ந்து நூலாகியிருந்தது. வருடக்கணக்கில் ஓடியது அதுதான். முள் கடிவாளத்தில் துரு போனதும் ஒன்றைக் கவனித்தேன். முட்களின் நுனி தட்டையாக இருந்தது. ஒவ்வொரு நுனியிலும் ஒரே சாய்வில் மெல்லிய கீறல்கள். நாக்கும் ஈறும் இரும்பை இப்படித் தேய்க்காது. இது அரம் போட்ட வேலை.

எப்போது அரம் போட்டார்? 1965க்குப் பிறகு போலீஸ்காரனுக்குப் பயந்தா? இல்லை, அதற்கு முன்பே, ஏதோ ஒரு நாள் குட்டியின் வாயோரம் ரத்தத்தைப் பார்த்தா? அம்மாவுக்கும் தெரியவில்லை. அரம் போட்டவர் ஏன் அதைத் தூக்கிப்போடவில்லை என்பதற்கும் பதில் இல்லை. வாயில்லா ஜீவன் என்று சொல்லிச் சொல்லியே, அதன் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்க்காமல் விட்டோம். தாத்தா ஒருதடவை பார்த்திருக்கிறார் என்று நம்பவே எனக்கு ஆசை. ஆனால் அந்த முட்களை முதலில் வாங்கி வந்ததும் அவர்தான்.

பழைய இரும்புக்காரர் வந்தபோது, "ரெண்டையும் போட்டுடு" என்றாள் அம்மா. வழவழப்பானதை அவளிடம் கொடுத்தேன். முள் கடிவாளத்தை லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன்.